வாய் திறக்காத கதாநாயகன்

நான் வலைப்பதிவு தொடங்கியது கோபத்தில்தான். பொழுதுபோக்கு, ஆர்வம், தமிழ்ச்சேவை என்றெல்லாம் பிறகு கேட்டவர்களிடம் சொல்லிக்கொண்டேன், அதெல்லாம் சும்மா. இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், புனேயில் ஔந்த் பகுதியில் நாங்கள் குடியிருந்த இரண்டாம் மாடி வீட்டில், ஒரு சனிக்கிழமை முழுவதும் ஒரு வீடியோ கேமுடன் மல்லுக்கட்டினேன். மறுநாள் காலை பல்கூடத் துலக்காமல் உட்கார்ந்து முதல் பதிவை எழுதினேன்.

பாதிக் கோபம் அந்த கேம் மீது. மீதிப் பாதி, அதற்குப் பத்துக்கு ஒன்பது மார்க் போட்டிருந்த ஆங்கிலக் கம்ப்யூட்டர் பத்திரிகை மீது. அதில் விமர்சனம் எழுதியவர்கள் எந்த ஊர்க்காரர்களோ, அவர்கள் வீட்டில் கரண்ட் போனதாகவே தெரியவில்லை. புனேயில் வியாழக்கிழமை தவறாமல் போகும், மற்ற நாட்களில் அதற்கு மனசு வந்தால் போகும். ஒரு கேமில் ஆடியவரைக்கும் சேவ் செய்ய முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறைதான் இடம் கொடுக்கிறார்கள் என்றால், அந்த முக்கால் மணி நேரமும் மின்சார வாரியத்தின் கையில் இருக்கிறது என்று யாராவது எழுத வேண்டுமா இல்லையா? ஒருவரும் எழுதவில்லை. ஆகவே நான் எழுதினேன். சாதாரணக் கம்ப்யூட்டரில் ஓடுமா, நடுவில் கரண்ட் போனால் எவ்வளவு பாழாகும், கதை உருப்படியா, இந்த மூன்றுக்கும் தனித்தனியாக மார்க்.

தமிழ்ப் பதிவுகளைச் சேர்த்துக் காட்டும் திரட்டி ஒன்று அப்போது இருந்தது. அதில் பதிவைச் சேர்க்கப் போனால் வகை கேட்டார்கள். அரசியல் உண்டு, ஆன்மிகம் உண்டு, சமையல் உண்டு, சினிமா உண்டு. கேமுக்கு இடம் இல்லை. கடைசியில் 'மொக்கை' என்ற வகையில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பின்னூட்டம் போட்ட முதல் மனிதர், "உங்க வீட்டுக்காரர் எழுதிக் குடுக்கறாரா சகோதரி?" என்று கேட்டார். என் வீட்டுக்காரருக்கு சீட்டாட்டம் தவிர எந்த ஆட்டமும் தெரியாது. இரண்டாமவர், அந்த நேரத்தில் குடும்பத்தைக் கவனிக்கலாமே என்றார். கல்லூரி லேபில் ஃப்ளாப்பியில் போட்டு ஆடிய தொண்ணூறுகளிலிருந்தே இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் சொல்லி மாளாது.

பதிலுக்குப் பதிலாக, பதிவின் தலைப்புக்கு அடியில் ஒரு வரி போட்டேன். "கடைசிவரை ஆடி முடிக்காத எதைப் பற்றியும் இங்கே எழுதமாட்டேன்." அந்த ஒரு வரிதான் என் மானம், மரியாதை எல்லாம். பெண்ணா, கணவன் எழுதித் தருகிறானா, மொக்கையா, என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளுங்கள். ஆனால் ஆடாமல் எழுதினாள் என்று ஒருவனும் சொல்லமுடியாது. மெல்ல மெல்ல வழக்கமாக வரும் வாசகர்கள் இருபது முப்பது பேர் சேர்ந்தார்கள். சென்னையில் சிலர், பெங்களூரில் சிலர், துபாயில் ஒருவர்.

இவர்களைத் தவிர எனக்கு எதிரே உட்கார்ந்து கேட்கும் வாசகன் ஒருவனும் கிடைத்தான். பாணேரில் நான் வேலை பார்த்த சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருந்தவன். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவன். அவன் அப்பா கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தாத்தா காலத்திலேயே வேலூர்ப் பக்கமிருந்து புனே வந்துவிட்ட குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, ஆபீசில் ஆங்கிலம், கோபம் வந்தால் இந்தி. தமிழ் படிக்க மட்டும் தெரியாது. ஒருநாள் என் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது நம்ம எழுத்துதானே? அம்மா காலண்டர்ல பாத்திருக்கேன். படிச்சுக் காட்டுங்களேன், ப்ளீஸ்" என்றான்.

அப்படித் தொடங்கியதுதான். ஒவ்வொரு திங்கட்கிழமையும் பதினொரு மணிக்கு ஆபீஸ் கேட்டுக்கு வெளியே உள்ள டீக்கடையில், அந்த வாரம் எழுதியதை ஆபீஸ் பிரிண்டரிலேயே அச்செடுத்துக்கொண்டு போய் அவனுக்கு வாசிப்பேன். அரை கிளாஸ் கட்டிங் சாயைக் கையில் வைத்துக்கொண்டு, சிரிக்கவேண்டிய இடத்தில் சரியாகச் சிரிப்பான். இரண்டாவது வாரமே செல்போனை மேஜைமேல் வைத்து, "ரெக்கார்ட் பண்ணிக்கட்டுமாக்கா? பஸ்ல கேட்டுக்கினே போவேன்" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது. நான் எழுதியதை ஒருவன் பாணேரிலிருந்து கட்கி வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டு கேட்கிறான் என்றால் யாருக்குத்தான் இருக்காது? அதற்குப் பிறகு கொஞ்சம் நடித்தே வாசிக்க ஆரம்பித்தேன். குரலை ஏற்றி இறக்கி, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குரலில். இப்போது நினைத்தால் கூசுகிறது.

அந்த மழைக்காலத்தில்தான் தீவு கேமை ஆடினேன். எங்கள் தெருமுனையில் செல்போன் ரீசார்ஜ் செய்யும் கடை ஒன்று இருந்தது. கல்லாவுக்குக் கீழே அட்டைப்பெட்டியில் கேம் சிடிக்கள் இருக்கும். உறைக்குப் பதில் வெறும் பிளாஸ்டிக் கவர், மார்க்கர் பேனாவில் பெயர். ஒரிஜினலா என்று யாரும் கேட்கமாட்டார்கள், நானும் கேட்டதில்லை. எங்களுக்கெல்லாம் கேம் என்றால் அந்தப் பெட்டியில் இருந்து வருவதுதான். கடைக்காரர் ஒவ்வொரு சிடியையும் தட்டிக் கொடுத்து, "பூரா கேம் ஹை, மேடம்" என்பார்.

கதை இதுதான். பனி கொட்டும் ஒரு தீவு. காணாமல் போன தம்பியைத் தேடி அண்ணன் ஒருவன் படகில் வந்து இறங்குகிறான். குளிருக்கு மூக்குவரை கம்பளித் துணியைச் சுற்றியிருக்கிறான். கலங்கரை விளக்கத்துக்குப் போ என்று திரை மூலையில் எழுத்து வரும், அவன் போவான். பாலத்தைத் தாண்டு என்று வரும், தாண்டுவான். வழியில் மீனவர்களைப் பார்ப்பான், அவர்களும் அவனைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஐந்து வாரம் சனி ஞாயிறு முழுவதும் ஆடினேன். கடைசியில் ஒரு குகையில் தம்பி உட்கார்ந்திருக்கிறான். அண்ணன் அவன் அருகே போய் நிற்கிறான். திரை கறுக்கிறது. முதல் பக்கம் மறுபடி வந்துவிடுகிறது.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. எழுதித் தள்ளினேன். "ஐந்து வாரம் தம்பியைத் தேடி அலைந்தவன், அவனைக் கண்டதும் ஒரு வார்த்தை பேசமாட்டானா? இவன் வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருக்கிறான்? கதாநாயகனுக்குக் குரல் கொடுக்கக்கூட ஆள் வைக்காத கஞ்சர்கள் எதற்குக் கதை எழுத வருகிறார்கள்?" என்று கேட்டு, கதைக்கு முட்டை மார்க் போட்டேன். பின்னூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். பெங்களூர்க்காரர், "சரியாச் சொன்னீங்க, எனக்கும் அதே கடுப்பு" என்றார். துபாய்க்காரர், அவன் ஏன் பேசவில்லை என்று தானும் யோசித்து யோசித்துப் பார்த்ததாக எழுதினார். திங்கட்கிழமை டீக்கடையில் நான் கொழுக்கட்டை வரியை வாசித்தபோது என் வாசகன் டீயைச் சிந்திக்கொண்டு சிரித்தான். கொழுக்கட்டை என்றால் மோதக்தானே என்று கேட்டு உறுதி செய்துகொண்டான்.

மூன்று வாரம் கழித்து, ஆபீஸ் கேன்டீனில் யாரோ விட்டுப்போன ஆங்கில நாளிதழின் உள்ளூர் இணைப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இளைஞர் பக்கத்தில் ஒரு கேம் விமர்சனம். ஆவலாகப் படித்தேன். இரண்டாவது பத்தியில், கதாநாயகன் வாயில் மோதக் வைத்திருக்கிறானா என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தது.

உலகத்தில் எந்த வெள்ளைக்காரனும் அப்படிக் கேட்டிருக்கமாட்டான். மேலே பார்த்தேன். என் வாசகனின் பெயர், பக்கத்தில் தபால்தலை அளவுக்கு அவன் போட்டோ, சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு. முழுவதையும் படித்தேன். கஞ்சர்கள் இருந்தார்கள், முட்டை மார்க் இருந்தது, கரண்ட் போனால் எவ்வளவு பாழாகும் என்ற கணக்குகூட இருந்தது. ஒரு வரி விடவில்லை படுபாவி.

தாளை எடுத்துக்கொண்டு நேராக அவன் மேஜைக்குப் போனேன். கோபத்தில் என் கொங்குப் பேச்சு வந்துவிட்டது.

"இது என்ற எழுத்து. இதுல உன்ற பேரு எப்படிப்பா வந்துச்சு?"

அவன் பதறவில்லை. பதறியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். சிரித்துக்கொண்டே, "பாத்துட்டீங்களா அக்கா? நல்லா வந்திருக்குல்ல?" என்றான்.

"என்னைக் கேட்டியா நீ?"

"உங்களுது தமிழ்ல இருக்குதுக்கா. இது இங்கிலீஷ். ரெண்டும் வேறதானே? ரெக்கார்டிங் கேட்டுக் கேட்டு மாத்தறதுக்கு ரெண்டு நாள் ஆச்சு எனக்கு. அதுவும் மெஹனத்தான், உழைப்புதானே."

"நான் அஞ்சு வாரம் ஆடுனேன். நீ ஒரு நாளாவது அதைத் தொட்டிருக்கியா?"

"அரே, கோவிச்சுக்காதீங்கக்கா. தமிழ்ல யார் படிக்கிறா? இப்ப புனே பூரா படிச்சாச்சு."

அவன் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. எனக்கு ஏதோ உபகாரம் செய்துவிட்ட முகத்தோடு சொன்னான். அதுதான் என்னை அதிகம் எரித்தது. திருடினேன் என்று தெரிந்து திருடுகிறவனைத் திட்டலாம். இவனை என்ன செய்வது? அன்று எனக்கு வேலை ஓடவில்லை. வீட்டுக்கு வந்து என் கணவரிடம் கொட்டினேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டே, "போச்சாது விடு, சின்னப் பையன்" என்றார். இருபத்தைந்து வயது ஆள் எப்படிச் சின்னப் பையன் ஆவான் என்று அவரோடும் ஒரு சண்டை போட்டேன். அவனை நார்நாராகக் கிழித்து ஒரு பதிவு எழுதி, சனிக்கிழமை ஆற அமரத் திருத்தி வெளியிடலாம் என்று வைத்திருந்தேன்.

சனிக்கிழமைக்கு முன்பே, வெள்ளிக்கிழமை, அவன் என் மேஜைக்கு வந்தான். முகம் சிவந்திருந்தது. கையில் அதே இணைப்பின் புதிய இதழ்.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க!"

வாசகர் கடிதங்கள் மூன்று. முதல் கடிதம், அந்தக் கதாநாயகன் வாய் ஓயாமல் பேசுகிறானே என்றது. இரண்டாவது, உங்கள் விமர்சகர் ஸ்பீக்கரை ஆன் செய்ய மறந்துவிட்டாரா என்றது. மூன்றாவது, இவர் கேமைக் கண்ணால் பார்த்தாவது இருக்கிறாரா என்று கேட்டது.

"ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சிரிக்கிறாங்க. நீங்க முழுசா ஆடிட்டுத்தான் எழுதுவீங்கன்னு நம்பினேன்க்கா. பூரா இஜ்ஜத் போச்சு, மானமே போச்சு."

அவனைப் பாருங்கள். என் வீட்டில் திருடிய பண்டம் ஊசிப்போயிருக்கிறது என்று என்னிடமே சண்டைக்கு வந்து நிற்கிறான். எனக்கு அழுவதா அறைவதா என்று தெரியவில்லை. "அவன் பேசமாட்டான். நான் கடைசிவரைக்கும் ஆடியிருக்கேன். லெட்டர் போட்டவங்கதான் ஆடல" என்று கத்தி அனுப்பினேன். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கத்திவிட்டேனே தவிர, மூன்று பேரும் சேர்ந்து ஒரே பொய்யையா எழுதுவார்கள்? மாலையில் வீட்டுக்குப் போகாமல் ரீசார்ஜ் கடைக்குப் போனேன். அந்த கேமில் ஆட்கள் பேசுவார்களா என்று கடைக்காரரைக் கேட்டேன். பேசுவார்கள் மேடம், ஆனால் இந்த சிடியில் பேசமாட்டார்கள் என்றார். ஒரிஜினல் நான்கு சிடியாம். ஒரே சிடியில் அடக்குவதற்காகப் பேச்சையும் நடுநடுவே வரும் படக்காட்சிகளையும் யாரோ வெட்டி எடுத்துவிட்டு, ஆட்டத்தை மட்டும் வைப்பார்களாம். ஊரில் பாதிப் பேர் ஆடுவது அதைத்தானாம்.

"பூரா கேம்னு சொன்னீங்களே?" என்றேன் என் அரைகுறை இந்தியில்.

"ஆட்டம் பூராவும் இருக்கிறதே மேடம். பேச்சு இல்லை, அவ்வளவுதானே" என்றார் அவர், ஏதோ ஊறுகாய் இல்லை என்பதைப் போல.

அப்படியானால் பெங்களூர்க்காரரும் துபாய்க்காரரும் ஆடியதும் இதே வெட்டிய சரக்குதான். அதனால்தான் என்னோடு அத்தனை ஒற்றுமையாகத் தலையாட்டியிருக்கிறார்கள். நாங்கள் எல்லோரும் சேர்ந்து, நாக்கை அறுத்துவிட்ட ஒருவனைப் பார்த்து ஏன் பேசமாட்டேன் என்கிறாய் என்று திட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

மறுநாள் காலையில் கேம்ப் கடைத்தெருப் பக்கம் போய், பெட்டியோடு வரும் ஒரிஜினலை முதல்முறையாக என் வாழ்க்கையில் வாங்கினேன். வழியெல்லாம் தெரிந்த ஆட்டம் என்பதால் இரண்டு நாளில் கடைசிக்கு வந்துவிட்டேன். அவன் பேசினான். படகிலிருந்து இறங்கும்போதே பேசினான். மீனவர்களோடு வம்பளந்தான், பாலத்தில் கால் வழுக்கியபோது தன்னைத்தானே திட்டிக்கொண்டான். குகையில் தம்பியைக் கண்டதும் முகத்தைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துவிட்டு, அம்மா இறந்துவிட்டதை அவனிடம் சொன்னான். எதற்காக இத்தனை தூரம் வந்தான் என்பதே அதில்தான் இருந்தது. நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அழுதேன். அழுகை நின்றதும் தலைப்புக்குக் கீழே இருந்த என் வரியைப் பார்த்தேன். கடைசிவரை ஆடி முடிக்காத எதைப் பற்றியும் எழுதமாட்டாளாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை இணைப்பில் ஒரு சின்னக் கட்டம் வந்தது. விமர்சனத்தில் நேர்ந்த பிழைக்கு விமர்சகர் வருத்தம் தெரிவிக்கிறார் என்று, அவன் பெயரோடு. என் கணவர் அதைப் படித்துவிட்டு, "நல்லதாப் போச்சு. தப்பு அவன் தலையில போயிருச்சு. நீ தப்பிச்சே" என்றார்.

உண்மைதான், தப்பித்துவிடலாம். என் வாசகர்கள் யாருக்கும் ஒரிஜினல் தெரியாது. அவன் தமிழ் படிக்கமாட்டான், புனேக்காரர்கள் என் பதிவைப் படிக்கமாட்டார்கள். எழுதி வைத்திருந்த திட்டுப் பதிவைத் தூக்கிப்போட்டுவிட்டு அடுத்த கேமுக்குப் போனால் என் வரி அங்கேயே அப்படியே இருக்கும். ஆனால் அந்தக் கட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாருடைய தப்புக்கு யார் வருத்தம் தெரிவிப்பது? ஐந்து வாரம் ஆடியவள் நான். ஏமாந்தவள் நான். குகை வாசலில் அத்தனை கோபப்பட்டவள் நான். எழுத்தை எடுத்துக்கொண்டான், கொழுக்கட்டையை எடுத்துக்கொண்டான், போகட்டும். நான் கேட்கவேண்டிய மன்னிப்பையுமா அவன் எடுத்துக்கொள்வான்?

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினேன். யார் பெயரையும் போடவில்லை. தீவு கேம் விமர்சனத்தைத் திருடியவர் ஒருவர், எழுதியது நான் என்று ஆரம்பித்தேன். அது என்னுடையதுதான் என்பதற்கு அதிலிருக்கும் தப்பே சாட்சி என்றேன். ஒரிஜினலை ஆடிய எவருக்கும் வராத தப்பு, வெட்டிய சிடியை ஆடிய எனக்கு வந்த தப்பு. மூன்று கடிதங்களும் கேட்ட கேள்வி என்னைக் கேட்ட கேள்வி. மன்னிக்க வேண்டுகிறேன், இதை என் சார்பில் வேறு யாரும் வேண்டத் தேவையில்லை என்று முடித்தேன். தலைப்புக்குக் கீழே இருந்த வரியை எடுத்துவிட்டு, என்ன சிடியில் ஆடினேன் என்பதை ஒவ்வொரு பதிவிலும் இனிமேல் சொல்வேன் என்று போட்டேன். வழக்கமாக வந்துகொண்டிருந்தவர்களில் சிலர் அதோடு நின்றுபோனார்கள். துபாய்க்காரர் மட்டும், அம்மா இறந்த செய்தியைச் சொல்லும்போது அண்ணன் என்ன சொன்னான், அப்படியே எழுதமுடியுமா என்று கேட்டிருந்தார்.

மறுநாள் திங்கட்கிழமை. வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். பதினொரு மணிக்கு டீக்கடையில் எனக்கும் சேர்த்து இரண்டு கட்டிங் சாய் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தான். என்ன நெஞ்சழுத்தம்!

"இன்னும் கோவமாக்கா? விடுங்க. நானே சாரி போட்டாச்சு, முடிஞ்சு போச்சு. இந்த வாரம் என்ன எழுதினீங்க? படிங்களேன்" என்று செல்போனை எடுத்து ரெக்கார்டிங்கைப் போட்டு மேஜைமேல் வைத்தான்.

பையிலிருந்து தாள்களை எடுத்தேன். இந்தமுறை நடிக்கவில்லை, குரலை ஏற்றி இறக்கவில்லை. என்ன எழுதியிருந்ததோ அதை வாசித்தேன். முதல் வரியில் சிரிப்பதற்குத் தயாராக இருந்தான். மூன்றாவது வரியில் டீ கிளாஸைக் கீழே வைத்தான். முதல் பக்கம் முடிவதற்குள் முகம் வெளுத்துப்போய், ரெக்கார்டிங்கை நிறுத்தச் செல்போனை நோக்கிக் கையை நீட்டினான்.

நான் அதன்மேல் என் கையை வைத்தேன்.

"இருக்கட்டும். பஸ்ல கேட்டுக்கிட்டே போ" என்றேன்.

இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருந்தது. அதையும் கடைசிவரை வாசித்தேன்.